பிரிக்க ஆள் இருக்காங்க

12-6-2024, புதன்

நீலப் பைகள் வந்து இறங்கிவிட்டன. பேரூராட்சி அலுவலகத்தின் பின்பக்க வராந்தா முழுக்க மூட்டைகள். வீட்டுக்கு ஒன்று வீதம் நாலாயிரத்துச் சொச்சம். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கெட்டியான துணி, இரண்டு பக்கமும் பிடி. கழுவி மறுபடி பயன்படுத்தலாம்.

ஆறு வருஷமாக இந்த ஊரில் நான் செய்த வேலை ஒன்றுதான். கதவைத் தட்டி, "பிரிச்சுக் குடுங்க" என்று கேட்பது. மக்குகிறது பச்சை வாளியில், பேப்பர் தனியாக, பாட்டில் தனியாக, கவர் தனியாக. அடையாள அட்டையில் 'பரப்புரையாளர் குணசுந்தரி' என்று இருக்கிறது. ஊருக்கு நான் குப்பைக்காரம்மா. பத்து வீட்டில் மூன்று வீடு பிரித்துக் கொடுத்தால் அன்றைக்கு நல்ல நாள். காலை ஷிப்டுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவரை நிறுத்தி, தயிர்க் கவரைக் கழுவிக் காயவையுங்கள் என்றால் முறைக்காமல் என்ன செய்வார்?

இனி அது வேண்டாமாம். சாப்பாட்டுக் கழிவு எப்போதும்போலப் பச்சை வாளியில். மற்றபடி பேப்பர், பாட்டில், டப்பா, தகரம் எல்லாம் ஒரே நீலப் பையில். புதன்கிழமை வாசலில் வைத்தால் வண்டி எடுத்துக்கொண்டு போய்விடும். சிப்காட்டில் புதிதாக வந்திருக்கும் கம்பெனி மெஷின் வைத்துப் பிரித்துக்கொள்ளும்.

நிம்மதியாக இருக்கிறது. பொய் எதற்கு, சந்தோஷமாகவே இருக்கிறது. என் கால் வலி எனக்குத்தானே தெரியும்.

14-6-2024, வெள்ளி

வீடுகளுக்குக் கொடுக்கும் துண்டறிக்கைக்கு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது. கூடாதவை ஏழு: உடைந்த கண்ணாடி, டியூப்லைட், ஊசி, பிளேடு, நாப்கின், பேட்டரி, சாப்பாடு ஒட்டிய கவர்.

கம்பெனி மேனேஜர் ரகு வந்திருந்தார். சென்னைக்காரர், சின்ன வயசு, மரியாதையாகத்தான் பேசுகிறார். "மேடம், ஒரே பைன்னு சொல்லிட்டு ஏழு கண்டிஷன் போட்டா மறுபடியும் பழைய கதைதான். முதல்ல பழகட்டும். அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்."

பேரூராட்சிச் செயல் அலுவலர் என் பக்கம் திரும்பினார். "ஜனங்களைத் தெரிஞ்சவங்க நீங்கதான். நீங்க சொல்லுங்க."

நானே பேனாவை எடுத்து அந்த ஏழையும் அடித்தேன். மிஞ்சியது ஒரு வரி: 'ஒரே பை, ஒரே நாள், உங்கள் வேலை அவ்வளவுதான்.' அதை வாய்விட்டுப் படித்தபோது எல்லோருக்கும் பிடித்திருந்தது. எனக்கும்.

23-6-2024, ஞாயிறு

கல்யாண மண்டபத்தில் கூட்டம். இருநூறு பேராவது வந்திருப்பார்கள். இத்தனை பேரை நான் எதிர்பார்க்கவில்லை.

முதல் கேள்வி பரசுராமன் சாருடையது. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு வருஷமாக ஒரு நாள் தவறாமல் பிரித்துக் கொடுத்த வீடு அவருடையது. ஒவ்வொரு கட்டின் மேலும் 'பேப்பர்', 'இரும்பு' என்று முத்து முத்தாக எழுதி ஒட்டிவைப்பார்.

"உடைஞ்ச கண்ணாடி இருந்தா இன்னாம்மா பண்றது? அதுவும் இதுலதானா?"

மைக் என் கையில் இருந்தது. "தாராளமா போடுங்க சார். பிரிக்க ஆள் இருக்காங்க."

சிரித்தார்கள், கைதட்டினார்கள். எனக்காக இந்த ஊரில் யாரும் கைதட்டியதில்லை.

26-6-2024, புதன்

முதல் நாள். காலை ஆறரைக்கு ஸ்டேஷன் தெரு முனையில் நின்று பார்த்தேன். வாசலுக்கு வாசல் நீலம். பத்துக்கு எட்டு வீடு! அழுகை வந்துவிட்டது எனக்கு.

3-7-2024, புதன்

விக்டோரியா அக்கா அலுவலக வாசலில் ட்ரைசைக்கிளைக் குறுக்கே நிறுத்திவிட்டு என் பெயரைச் சொல்லிக் கத்தினாள். பத்தொன்பது வருஷமாக வீடு வீடாகப் போய்ப் பாட்டிலும் அட்டையும் எடுத்துக் காயலான் கடையில் போட்டுப் பிழைக்கிறவள்.

"ஊடு ஊடா போய்க்கினு வரேன். எல்லாரும் நீலப் பையக் காட்றாங்க. குணசுந்தரி அதுலதான் போடச் சொல்லிச்சுன்றாங்க. வண்டி காலியா இருக்குது பாரு. நான் இன்னா பண்றது, அத்தச் சொல்லு."

வண்டியில் நாலு அட்டைப்பெட்டிதான் இருந்தது.

இவளை நான் நினைக்கவே இல்லை. ஒரு மாதமாகப் பேசுகிறோம், எழுதுகிறோம், கூட்டம் போடுகிறோம். ஒரு தடவைகூட இவள் ஞாபகம் வரவில்லை. பாட்டிலைத் தனியாக வையுங்கள், விக்டோரியா வருவாள் என்று நான்தானே வீடு வீடாகச் சொன்னேன்?

வாயில் வந்ததைச் சொன்னேன். "கம்பெனியில ஆள் எடுக்கிறாங்கக்கா. வெயில்ல சுத்த வேணாம். ஈஎஸ்ஐ உண்டு."

"நின்னுக்கினு செய்ற வேலையா, குந்திக்கினு செய்ற வேலையா? எனக்கு முட்டி போயிடுச்சு."

எனக்குத் தெரியாது. "உட்கார்ந்து செய்றதுதான்" என்றேன்.

8-7-2024, திங்கள்

ரகுவிடம் சொல்லி விக்டோரியா அக்காவுக்கு வேலை ஆயிற்று. ட்ரைசைக்கிளை விற்றுவிட்டாளாம். ஒரு பாரம் இறங்கியது.

15-8-2024, வியாழன்

கொடியேற்றிய பிறகு பேரூராட்சிக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ். செயல் அலுவலர் என்னையும் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் தணிகைவேல் அதைத் தான் வேலை பார்க்கும் இரும்பு உலைக்கூடத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் என் படத்தை எங்கேயும் போட்டதில்லை.

29-8-2024, வியாழன்

கம்பெனி குப்பை பிரிக்கிற ஷெட்டுக்கு முதல் தடவையாகப் போனேன். இரண்டு மாதம் ஏன் போகவில்லை? நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மெஷின் இருக்கிறது. நீளமாக ஒரு பெல்ட் ஓடுகிறது. அதன் கோடியில் ஒரு காந்தம் தகரத்தை மட்டும் இழுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான் மெஷின். மற்றதெல்லாம் கை. பெல்ட்டின் இரண்டு பக்கமும் பன்னிரண்டு பெண்கள். நிற்கிறார்கள். எல்லோரும் நிற்கிறார்கள். மேலே தகரக் கூரை.

பெல்ட்டில் வந்ததை எழுதிவைக்கிறேன். புளித்த சோறு. குழந்தை டயப்பர். மீன் செதில் ஒட்டிய கவர். பிளேடு. சர்க்கரைக்குப் போடுகிற ஊசி. நாப்கின், சுற்றாமல். ஒரு செத்த எலி. வண்டியிலேயே எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு வருவதால் பாட்டிலில் பாதி சில்லு சில்லாகத்தான் வந்து விழுகிறது. கையில் அவர்கள் போட்டிருந்த கையுறை மருத்துவமனையில் போடுகிற மாதிரி மெல்லிசு. விரல் நுனியெல்லாம் கிழிசல்.

விக்டோரியா அக்கா முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் கீழே இறக்கினாள்.

"வா குணா. பிரிக்க ஆள் இருக்காங்கன்னு மைக்ல சொன்னியாமே. பாத்துக்கோ, அந்த ஆளு நாங்கதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காந்தத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கெட்டிக் கையுறைக்கு ஆர்டர் போட்டிருப்பதாக ரகு சொன்னார்.

2-9-2024, திங்கள்

அடித்த ஏழு எச்சரிக்கைகளையும் திரும்ப எழுதிக்கொண்டு செயல் அலுவலரிடம் போனேன். புதிதாகத் துண்டறிக்கை அச்சடிக்க வேண்டும் என்றேன்.

"இப்பதான் பழகியிருக்காங்க. சான்றிதழ் வாங்கி இருபது நாள் ஆகல, அதுக்குள்ள மாத்தினா நாம தப்பா ஆரம்பிச்சோம்னு ஆயிடும். தீபாவளி கழியட்டும்."

"சரி சார்" என்று வந்துவிட்டேன்.

18-9-2024, புதன்

பத்துக்கு ஒன்பது வீடு.

24-10-2024, வியாழன்

இதை எழுதவும் முடியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

தீபாவளிக்கு வீடு ஒழிக்கிற வாரம் இது. நேற்று வண்டி இரண்டு நடை போயிற்று. இன்று பதினோரு மணிக்கு ஷெட்டிலிருந்து போன். விக்டோரியா அக்காவுக்கு வலது கை. உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் கிழித்துவிட்டது. கண்ணாடி.

நான் போய்ச் சேர்ந்தபோது அவளைச் சென்னைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கத்துப் பெண் ஒருத்தி அவள் இடத்துக்கு மாறி நின்றிருந்தாள்.

ரகு ஒரு செய்தித்தாளைக் கொண்டுவந்து காட்டினார். நாலு மடிப்பு, சணல் கட்டிய தடம். பெரிய படத்துக்குப் போட்டிருந்த கண்ணாடி போல. வண்டி அமுக்கியதில் உள்ளே தூளாகிப் பேப்பரைப் பொத்துக்கொண்டு வந்திருக்கிறது. பேப்பரின் மேல் பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருந்தது: 'கண்ணாடி. ஜாக்கிரதை.'

முத்து முத்தான எழுத்து. ஆறு வருஷமாக நான் பார்க்கிற எழுத்து. மூலையில் பேப்பர் போடுகிறவர் கிறுக்கிய கதவு நம்பரும் இருந்தது. ரகு அதைத்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

போடுங்க சார், தாராளமா போடுங்க சார் — நான்தான் சொன்னேன். இருநூறு பேர் நடுவில், மைக்கில், பல்லைக் காட்டிக்கினு சொன்னேன்.

26-10-2024, சனி

ஆஸ்பத்திரி. இரண்டு நரம்பு அறுந்திருக்கிறது. தைத்திருக்கிறார்கள். மூன்று விரல் மடங்குமா என்று ஆறு மாதம் கழித்துத்தான் சொல்ல முடியுமாம்.

சாத்துக்குடி உரித்துக் கொடுத்தேன். இடது கையால் வாங்கிக்கொண்டாள்.

"பேப்பர்னு நெனைச்சு இழுத்தேன் குணா. மேல இன்னாமோ எழுதியிருந்துச்சு. எனக்கு எங்க படிக்கத் தெரியும்?"

ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு, "எந்தத் தெருவுது?" என்று கேட்டாள்.

"தெரியலக்கா" என்றேன்.

31-10-2024

தீபாவளி. ஒன்றும் செய்யவில்லை.

11-11-2024, திங்கள்

செயல் அலுவலர் அறையில் ரகுவும் இருந்தார். நான் கையெழுத்துப் போட வேண்டும் என்று தட்டச்சு செய்த ஒரு தாள். விக்டோரியா அக்காவுக்கு நஷ்டஈடு கேட்டு அவள் அண்ணன் தாவீது தொழிலாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அதற்குப் பதில் இது. 'உடைந்த கண்ணாடியைப் போடக் கூடாது என்று குடியிருப்போருக்கு முறையாக அறிவுறுத்தப்பட்டது. கையுறை வழங்கப்பட்டும் தொழிலாளி கவனக்குறைவாக இருந்துள்ளார்.' ஆதாரமாகப் பின்னால் இணைத்திருந்தது நான் ஜூன் மாதம் எழுதிய பக்கம். ஏழும் அதில் இருந்தன. நான் பேனாவால் அடித்த பிரதி இல்லை, அதற்கு முன்னால் அலுவலகத்தில் எடுத்துவைத்த நகல்.

"நீங்க எழுதினதுதானே இது? பொய்யில்லையே?" என்றார் செயல் அலுவலர். "மார்ச்ல உங்க கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும். நான்தான் எழுதணும்."

மிரட்டவில்லை. தண்ணீர் கிளாஸை என் பக்கம் நகர்த்திவிட்டுத்தான் சொன்னார்.

கையெழுத்துப் போட்டேன்.

12-11-2024

சாப்பிடும்போது தணிகைவேல் கேட்டார்: "கையெழுத்துப் போட்டியா?" "ம்." அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

30-11-2024, சனி

புயல் மழை. கரண்ட் இல்லை. வாசல் தண்ணீரில் யார் வீட்டு நீலப் பையோ மிதந்துகொண்டு போனது. எடுத்து வைக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

9-12-2024, திங்கள்

பரசுராமன் சார் வீட்டுக்கு வந்தார். பேரூராட்சியிலிருந்து அவருக்கு நோட்டீஸ் போயிருக்கிறது: அறிவுறுத்தலை மீறி அபாயகரமான கழிவைப் போட்டதால் ஒரு தொழிலாளிக்குக் காயம் ஏற்பட்டது, விளக்கம் தரவும்.

உட்காரவில்லை. கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் உன்னைக் கேட்டுட்டுத்தானேம்மா போட்டேன்?"

நோட்டீஸைப் பிரித்துக் காட்டினார்.

"முப்பத்திநாலு வருஷம் சர்வீஸ். ஒரு மெமோ வாங்கினதில்லை. அது போவட்டும். அந்தப் பொண்ணு கை என்னாலதான் போச்சுன்னு இதுல எழுதியிருக்குதே, அது நெஜமாம்மா?"

"இல்ல சார்."

"அப்போ யாரால?"

பதிலுக்காக நின்றார். என்னால என்று சொல்ல இரண்டு விநாடி போதும். வாய் வரவில்லை. நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். முன்பெல்லாம் அப்படி இறங்கிப் பார்த்ததில்லை.

14-12-2024, சனி

விக்டோரியா அக்கா வீட்டுக்குப் போனேன். இடது கையால் அரிசி களைந்துகொண்டிருந்தாள். பாதி அரிசி தண்ணீரோடு போனது.

எல்லாவற்றையும் சொன்னேன். மைக்கில் சொன்னது, ஏழு எச்சரிக்கைகளையும் அடித்தது, கையெழுத்து. ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். நிறுத்தினால் மறுபடி வாய் வராது என்று பயம்.

அவள் நிமிரவில்லை. "தெரியும். கம்பெனில அந்தப் பேப்பரப் படிச்சுக் காட்னாங்க. கீழ உன் பேரு இருந்துச்சுன்னாங்க."

"அக்கா..."

"ஸ்டேஷன் மாஸ்டரு வந்தாரு. போன வாரம். இங்கதான் தரையில குந்திக்கினு அழுதாரு. பேப்பர்ல சுத்தி, மேல எழுதியும் வெச்சாரு மனுசன், அதுக்கு மேல அவரு இன்னா பண்ணுவாரு? நீ அழாதே சார்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்." சட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அவரு வந்தாரு. நீ இப்பத்தான் வர."

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"போ குணா. எனக்கு அடுப்புல வேலை கெடக்குது."

18-12-2024, புதன்

ஒரு முழு வெள்ளைத்தாள். என் கையாலேயே எழுதினேன். 23-6-2024 அன்று கூட்டத்தில் உடைந்த கண்ணாடியைப் போடலாம் என்று குடியிருப்போரிடம் கூறியது நான். துண்டறிக்கையிலிருந்து ஏழு எச்சரிக்கைகளையும் நீக்கியது நான். 29-8-2024 அன்று நான் பார்த்தபோது கையுறைகள் கிழிந்திருந்தன. 11-11-2024 அன்று நான் கையெழுத்திட்ட தாளில் இருப்பது உண்மையல்ல.

செயல் அலுவலர் இரண்டு தடவை படித்தார். "இது போனா உங்க வேலையும் போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"அப்போ அன்னைக்கே போடாம இருந்திருக்கலாமே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் உறைக்கிறது. இதே தைரியம் நவம்பரில் எங்கே போயிருந்தது? செப்டம்பரில்? உத்தரவு எதற்கு, அச்சு எதற்கு? நாலாயிரம் கதவும் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகத் தட்டிக் 'கண்ணாடி மட்டும் வேணாம்' என்று சொல்லியிருந்தால் ஒரு மாதத்தில் முடிந்திருக்கும். ஆறு வருஷம் தட்டினவளுக்கு ஒரு மாதம் தட்ட முடியாமல் போயிற்று.

இன்னொரு பிரதியைத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

20-1-2025, திங்கள்

பரசுராமன் சாருக்குப் போன நோட்டீஸை ரத்து செய்துவிட்டார்கள். கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "சரிம்மா" என்றார். உள்ளே கூப்பிடவில்லை.

28-3-2025, வெள்ளி

கான்ட்ராக்ட் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. அடையாள அட்டையை ஒப்படைத்தேன். செயல் அலுவலர் லீவில் இருந்தார்.

தணிகைவேல், "இருக்கட்டும், பாத்துக்கலாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்கே நான் கேட்டிருக்கணும்" என்றார்.

5-5-2025

சிப்காட்டில் பேக்கிங் வேலை. மோட்டாருக்குப் போகிற ரப்பர் வளையங்கள். நாள் முழுக்க நின்று செய்கிற வேலை. சாயங்காலம் முட்டி வலிக்கும்போது வேறு யாரை நினைப்பேன்?

9-7-2025, புதன்

தாவீது அண்ணனை மார்க்கெட்டில் பார்த்தேன். விசாரணையில் கம்பெனியின் தப்பு என்று ஆகி, நஷ்டஈடு கொடுத்துவிட்டார்களாம். "உன் லெட்டர்தான் அங்க பேசிச்சு" என்றார். விரல்? "மடங்கல." இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார்.

20-8-2025, புதன்

புதுப் பரப்புரையாளர் வீட்டுக்கு வந்தாள். ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருகிறாளாம். ஒரு பக்கத்துக்கு அச்சடித்த தாள். கண்ணாடி, ஊசி, பிளேடு எல்லாம் இனி நீலப் பையில் கூடாது. மாதம் ஒரு தடவை சிவப்புப் பெட்டி வரும். ஒவ்வொன்றாக எனக்கு விளக்கினாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. குறுக்கே பேசாமல் கடைசிவரைக்கும் கேட்டேன். "எல்லா ஊட்டுலயும் பொறுமையா சொல்லும்மா" என்றேன். "டைம் ஆகுதுக்கா, அறுபது ஊடு இருக்குது" என்று ஓடினாள்.

14-10-2025, செவ்வாய்

வார விடுமுறை. பொன்னேரி போகலாம் என்று கும்மிடிப்பூண்டியில் பத்தரை மணி ரயிலில் ஏறினேன். பெட்டியில் நாலைந்து பேர்தான். ஜன்னலோரம் விக்டோரியா அக்கா.

இறங்கி வேறு பெட்டிக்குப் போகலாமா என்று யோசித்தேன். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. எதிரில் உட்கார்ந்தேன். மாதம் ஒரு தடவை கைக்குப் பயிற்சி கொடுக்கச் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போகிறாள் என்று முன்பே கேள்விப்பட்டிருந்தேன். அந்தக் கை மடியில் இருந்தது. மூன்று விரல் நீட்டினபடியே.

கவரைப்பேட்டை தாண்டியது. அவள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். புதுப் பாட்டில், மூடி இறுக்கம். தொடைக்கு நடுவில் வைத்து இடது கையால் திருகிப் பார்த்தாள். சுற்றவில்லை. இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் பாட்டிலை மட்டும் என் பக்கம் நீட்டினாள்.

திறந்து கொடுத்தேன். குடித்தாள். திரும்ப நீட்டினாள். மூடிக் கொடுத்தேன்.

பொன்னேரியில் நான் எழுந்தபோது, "பாத்து எறங்கு. பிளாட்பாரம் பள்ளமா இருக்குது" என்றாள்.

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். என்னிடம்தான் சொன்னாளா என்று தெரியவில்லை. அங்கே இறங்க வேறு யாரும் எழுந்திருக்கவில்லை.